நகக்காரி முனீஸ்வரி

குச்சியின் மழுங்கிய முனையால் நகத்தில் ஒரு தட்டு. தலையைச் சாய்த்து, காதை அருகே கொண்டுவந்து, இன்னொரு தட்டு. "காலிக் குடம் மாதிரில்ல சத்தம் வருது? உள்ள காத்து ஏறிருச்சு மேடம். யார்ட்டப் போட்டீங்க?" என்பாள் முனீஸ்வரி. வந்தவர் அந்தக் கடையின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் அடுத்த விரலுக்குப் போயிருப்பாள். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பதுபோல எல்லா விரலையும் கேட்டு முடித்த பிறகுதான் ஆளை நிமிர்ந்து பார்ப்பாள். முகங்களில் அவளுக்குப் பெரிய அக்கறை கிடையாது. அது பக்கத்து நாற்காலிக்காரியின் இலாகா.

மதுரை அண்ணா நகரில், ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் ராதாமணி நடத்தும் அழகு நிலையத்தில் நகம் முழுக்க முனீஸ்வரியின் பொறுப்பு. வாடிப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள். ஜன்னலோர இருக்கை கிடைத்தாலும் வெளியே பார்ப்பதில்லை. மேலே கம்பியைப் பிடித்துத் தொங்கும் கைகளைப் பார்க்கிறாள். இது சத்துக் குறைச்சல், இது கடிக்கிற பழக்கம், இது துணி துவைக்கிற கை, இது துவைக்கச் சொல்கிற கை என்று மனசுக்குள் பிரித்து அடுக்கிக்கொண்டே பரவையைத் தாண்டிவிடுவாள்.

"எது ரொம்ப நாள் நிக்கும்?" என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. கல்யாணப் பெண் கேட்பாள், கல்லூரிப் பெண் கேட்பாள், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை கேட்பார். முனீஸ்வரி எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்வாள். மதுரையில் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

"ஒட்டுற நகம் லாட்ஜு ரூம் மாதிரி மேடம். நைட்டு தங்கலாம், காலைல காலி பண்ணிரணும். சாதா பாலிஷு, விருந்தாளியாப் போன வீடு. அஞ்சாறு நாள் மரியாதை, அதுக்கு மேல ஓரம் பேந்துரும். ஜெல்லு வாடகை வீடு. லைட்டுல காட்டி இறுக்கிட்டா ரெண்டு மூணு வாரத்துக்கு யாரும் கேக்க முடியாது. பவுடர்ல முக்குறது ஒத்தி வீடு. வாடகையவிட நல்லா நிக்கும், காலி பண்ணும்போதுதான் சண்டை வரும். அக்ரிலிக்கு சொந்த வீடு. ஆடாது, ஒடையாது. ஆனா அப்பப்ப மராமத்து பாக்கணும். பாக்காம விட்டா, கூரையோட சேத்து சுவரையும் இழுத்துட்டுப் போயிரும்." சுவர் என்பது அசல் நகம்.

இவ்வளவு உறுதியாகப் போடுகிறவளுக்குப் போடுவதில் பெருமை கிடையாது என்பதுதான் வேடிக்கை. "போடுறதுக்கு போன்ல வீடியோ பாத்தாப் போதும். எடுக்கத்தான் ஆள் வேணும்" என்பாள். பொறுமையில்லாமல் பல்லால் கடித்துப் பிய்த்துக்கொண்டு வருகிறவர்களிடம் அவளுடைய நாக்கு கொஞ்சம் நீளும். "தோலோட உரிச்சு வச்சிருக்கீங்களே, இதென்ன நாட்டுக்கோழியா?" எடுக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்து, விரலுக்கு ஒரு பொட்டலமாக வெள்ளித்தாள் சுற்றி, அரைமணி நேரம் உட்கார வைப்பாள். பிரிக்கும்போது போட்டதெல்லாம் வெந்த முட்டையின் ஓடு போல நழுவி வரும். கீழே அசல் நகம் ஒரு கீறல் இல்லாமல் இருக்கும். அந்த ஒரு கணத்தில் மட்டும் முனீஸ்வரி சிரிப்பாள்.

ஊரில் பாதிப் பேர் கையில் நகத்தை நிறுத்தியவளின் கையில் நிற்கும்படியாக ஒன்றுகூட இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு அரிப்பாகத் தொடங்கியது. பிறகு விரல்நுனித் தோல் உரிந்தது, பிறகு கோடைக் கண்மாய் மாதிரி வெடித்தது. நகங்கள் வேர்க்கடலைத் தோல்போல மேலே தூக்கிக்கொண்டு நிற்கின்றன. ஜெல்லிலும் அக்ரிலிக்கிலும் இருக்கும் பசை அவள் உடம்புக்கு ஆகவில்லை, இனி தொடவே கூடாது என்று தோல் டாக்டர் சொன்னார். பல் ஓட்டை அடைக்கவும் இதே வகைப் பசைதான், ஆகவே பல்லையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். முனீஸ்வரி இதைக் கையுறை போட்டுக்கொள்ளும்படியான ஆலோசனையாக எடுத்துக்கொண்டாள். இரண்டு ஜோடி, ஒன்றன்மேல் ஒன்று. சோற்றைக் கரண்டியால் சாப்பிடுகிறாள். ரசம் பட்டால் உயிர் போகும். வீட்டில் அவளுக்குத் துரைச்சி என்று பெயர். ரேஷன் கடை மெஷினில் அவளுடைய ரேகை விழுவதில்லை. "நீங்க நீங்கதாங்கிறதுக்கு என்னக்கா அத்தாட்சி?" என்று கடைக்காரர் ஒருமுறை கேட்டார். "இந்த வலிதாண்ணே" என்றாள். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். யாரையும் விரலைத் தொட மட்டும் விடமாட்டாள். பஸ்ஸில் சில்லறை வாங்குவதுகூட உள்ளங்கையில்தான்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஜோடி வந்தது. தலைப்பொங்கல். பெண்ணின் பெயர் ரோகிணி. பேசியதெல்லாம் புருஷன் அழகுராஜாதான். கணவன்மார்களுக்கென்று ஒதுக்கப்பட்ட, சுவரைப் பார்த்த நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவன் அவன் ஒருவன்தான். லாட்ஜிலிருந்து சொந்த வீடு வரைக்கும் முழுசாகக் கேட்டான்.

"சொந்த வீடே போட்டுருங்கக்கா. வாடகையெல்லாம் நமக்குச் சரிப்படாது."

"கலர் என்ன தம்பி?"

ரோகிணி வாயைத் திறப்பதற்குள் அவன் அட்டையில் விரலை வைத்துவிட்டான். அடர்ந்த சிவப்பு. "மாட்டுப்பொங்கலுக்குக் கொம்புக்கு அடிக்கிற பெயின்ட்டு கணக்கா இருக்குய்யா" என்று அவள் அவன் தோளில் அடித்தாள். "நீ முட்டாம இருந்தாச் சரி" என்றான். முனீஸ்வரி முடித்துவிட்டு, வழக்கம்போலக் குச்சியால் நகத்தைத் தட்டிக் காட்டினாள். டக். "கேட்டீங்களா? ஒரு மாசத்துக்கு இது அசையாது. நீங்க மறந்தாலும் அது மறக்காது."

அசையவில்லை. பொங்கல் முடிந்த வாரம், திண்டுக்கல் ரோட்டில் அழகுராஜாவின் பைக்கில் பின்னாலிருந்து ஒரு லாரி ஏறியது. ஆஸ்பத்திரி, போஸ்ட்மார்ட்டம், சுடுகாடு, சாம்பல் எல்லாம் முடிந்தன. ரோகிணியின் நகம் மட்டும் போட்ட அன்று இருந்தபடியே மினுங்கிக்கொண்டிருந்தது.

கருமாதிக்கு முந்தைய நாள் அழகுராஜாவின் வீட்டிலிருந்து ராதாமணிக்கு போன் வந்தது. பூ, பொட்டு, வளையல் எல்லாம் இறக்குகிற வழக்கம் இன்று பல வீடுகளில் இல்லை. அந்த வீட்டில் இருந்தது. பூவையும் வளையலையும் இறக்கிவிடலாம். அக்ரிலிக்கை எப்படி இறக்குவது என்று முன்னோர்கள் சொல்லிவைக்கவில்லை. "போட்டவகளே வந்து எடுத்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு எதிர்முனை வைத்துவிட்டது. முனீஸ்வரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலங்காநல்லூர் பஸ் ஏறினாள்.

கூடத்தில் மாலை போட்ட படம். ஃப்ரீசர் பெட்டிக்காக வாசலிலிருந்து இழுத்த ஒயர் இன்னும் சுருட்டப்படாமல் கிடந்தது. சுவரோரம் பாயில் ரோகிணி உட்கார்ந்திருந்தாள், வலது கட்டைவிரலில் துணிச்சுற்றோடு. மாமியார் பாண்டியம்மாள் ஒளிக்காமல் சொன்னாள். எலுமிச்சம்பழம் தேய்த்தார்கள். மகன் பைக்குக்கு வாங்கி வைத்திருந்த பெட்ரோலில் கையை முக்கினார்கள். பிறகு யாரோ பிளேடு கொண்டுவந்தார்கள். கட்டைவிரலில் அசல் நகமும் சேர்ந்து பெயர்ந்து ரத்தம் கொட்டியதும் நிறுத்திவிட்டார்கள்.

"நான் கொடுமைக்காரின்னு நெனைக்காதத்தா" என்றாள் பாண்டியம்மாள். அழுது அழுது குரல் கரகரத்துப் போயிருந்தது. "ஊரு பேசுறது கெடக்கட்டும். இந்தப் புள்ள ஒரு டம்ளரக் கீழ வச்சா டக்குங்குது. சொம்பப் பிடிச்சா டக்குங்குது. ராவெல்லாம் அந்தச் சத்தந்தான் காதுல நிக்கிது. எம் மகன் மண்ணாப் போயிட்டான். அவன் வாங்கிக் குடுத்தது மட்டும் மினுக்கிக்கிட்டு நிக்கிதே, இது என்ன நாயம்?"

முனீஸ்வரி பெட்டியைத் திறந்து கையுறையை எடுத்தாள். ஒரு ஜோடி மாட்டி, அடுத்த ஜோடியை எடுத்ததும் பாண்டியம்மாளின் முகம் மாறியது. "ஏன், எங்க வீட்டுல கைய வச்சாத் தீட்டு ஒட்டிக்கிருமோ?"

சாவு வீட்டில் கையுறை எப்படித் தெரியும் என்று முனீஸ்வரி யோசித்திருக்கவில்லை. விரலைக் காட்டி விளக்கலாம். இந்தக் கூடத்தில் தன் வலியைப் பற்றிப் பேசுவது அவளுக்கு அசிங்கமாகப் பட்டது. "ஐயோ, பழக்கத்துல எடுத்துட்டேன்த்தா" என்று சொல்லி, கழற்றிப் பெட்டிக்குள் போட்டாள்.

காப்பி போட பாண்டியம்மாள் உள்ளே போனாள். ரோகிணி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அக்கா. போகாதுன்னு சொல்லிருங்கக்கா."

"போகும் பாப்பா. அரைமணி நேரத்துல போயிரும்."

"தெரியும். அவரு எடுத்த கலருக்கா. நாளைக்கு எல்லாத்தையும் எடுத்துருவாக. வேண்டாங்கல. இது ஒண்ணாச்சும்..." அவள் மீதி விரல்களை மடக்கிக்கொண்டாள். யாரோ பிடுங்க வருவதுபோல.

முனீஸ்வரி எடுக்கும் திரவத்தின் மூடியைத் திறந்தாள். நெடி ஏறியது. துணியைப் பிரித்துக் கட்டைவிரலைப் பார்த்தாள். அந்தக் காயத்தில் ஒரு சொட்டுப் பட்டாலும் இந்தப் பெண் கூரை பிய்ந்து போகக் கத்துவாள். அது ஒரு காரணம். தன்னிடம் தானே சொல்லிக்கொள்ள அதுவே போதும் என்று தோன்றியது. மூடியைத் திருப்பி இறுக்கினாள்.

"என்னத்தா, போகுமா போகாதா?" காப்பியோடு பாண்டியம்மாள் வந்தாள்.

"போயிரும்த்தா. இந்த லைட்டுல காட்டித்தான் எடுக்கணும். பிளக்கு எங்க இருக்கு?"

வாடிக்கையாளரிடம் பொய் சொல்வதில்லை என்பது முனீஸ்வரியின் கொள்கை. அந்தக் கூடத்தில் வாடிக்கையாளர் யார் என்பது மட்டும் கொஞ்சம் வாதத்துக்குரியது. ஃப்ரீசர் பெட்டிக்கு இழுத்த ஒயரில் விளக்கைச் சொருகினாள். கட்டைவிரலைத் துடைத்து மருந்து வைத்துக் கட்டினாள். பிறகு மற்ற நகங்களை அராவத் தொடங்கினாள். நீளம் போயிற்று. சிவப்புத் தூள் வெள்ளைத் துணியில் குங்குமம்போல உதிர்ந்தது. பாண்டியம்மாள் அதைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டாள். அந்த இடைவெளியில் முனீஸ்வரி தோல் நிறக் குப்பியைத் திறந்தாள். சிவப்பின் மேல் ஒரு பூச்சு, விளக்கு. இன்னொரு பூச்சு, விளக்கு. கடைசியாக மினுமினுப்பை அடக்கும் பூச்சு ஒன்று. பசை அவளுடைய வெடிப்புகளுக்குள் இறங்கி எரிந்தது. ராத்திரி இது வீங்கும் என்று அவளுக்குத் தெரியும். முகத்தில் காட்டவில்லை. இத்தனை வருடத் தொழிலில், வேலை செய்தது தெரியாமல் செய்த முதல் வேலை அது. ரோகிணியின் கை ஒரு சாதாரணக் கை ஆயிற்று. எதுவுமே போடாத, யாருடையதாகவும் இருக்கக்கூடிய கை. சிவப்பு உள்ளே இருந்தது.

அதுவும் எத்தனை நாளைக்கு? அசல் நகம் அடியிலிருந்து வளர்ந்துகொண்டேதான் இருக்கும். இன்னும் மூன்று வாரத்தில் வேரோரம் மேடு தட்டும். அப்போது யாராவது எடுத்துத்தான் ஆகவேண்டும். "அன்னைக்கு நீயே கடைக்கு வா. வலிக்காம எடுக்குறேன்" என்று உதடு அசையாமல் சொன்னாள். ரோகிணி கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு டம்ளரை எடுத்துக் கீழே வைத்தாள். சத்தம் இல்லை. நீளம் இல்லாத நகம் டம்ளரில் படவில்லை.

பாண்டியம்மாள் அருகில் வந்து குத்துக்காலிட்டாள். மருமகளின் கையை எடுத்து ட்யூப்லைட் பக்கம் திருப்பினாள். கட்டைவிரல் கட்டின் மேல் கொஞ்ச நேரம் கண்ணை நிறுத்தினாள். மற்ற நகங்களைத் தடவினாள். ஒன்றில் விரல் நின்றது. கொஞ்சம் தடிப்பாகப் பட்டிருக்க வேண்டும்.

"எல்லாம் போயிருச்சுல்ல?"

"போயிருச்சுத்தா."

"சத்தம் வராதுல்ல?"

கேட்டுக்கொண்டே பாண்டியம்மாள் தன் ஆள்காட்டி விரலை மடக்கி ஓங்கினாள். மோதிர விரலின் நகத்தில் தட்டிப் பார்க்க. அந்த நகம் என்ன சொல்லும் என்று அந்தக் கூடத்தில் முனீஸ்வரியைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. எண்ணெய் தடவப் போகிறவள்போலக் கையை நீட்டி, அந்த நகத்தின் மேல் தன் வெடித்த விரல்நுனியை வைத்தாள்.

பாண்டியம்மாளின் நகம் அதில் விழுந்தது. சத்தம் வரவில்லை. இன்னொரு முறை, சந்தேகம் தீர, பலமாகத் தட்டினாள். முனீஸ்வரி விரலை எடுக்கவில்லை.