புவித்தொடுப்பில் நான் எடுத்த புள்ளி

வானத்தோடு பேச விரும்புகிறவர் முதலில் மண்ணைத் தோண்ட வேண்டும் என்பதை, என்னைப் போல் ஓய்வுகாலத்தில் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றுத் துன்புறும் அன்பர்கள் அறிவீர்கள். சென்ற மாரியில் தொலைபேசி அறுந்தபோது, வெல்லாவெளியில் தனியே வாழும் என் தம்பியைப் பற்றி நான்கு நாட்கள் ஒரு செய்தியும் இல்லை. அதன் பின்னரே இருவரும் உரிமம் பெற்றோம். அவன் தன் அன்ரனாவை நட்டுவிட்டான். அடுத்த மாரிக்கு முன் என்னுடையதும் நின்றாக வேண்டும்.

தமிழில் கேட்டது

ஆரையம்பதியில் என் வீட்டு வளவு ஒடுக்கமானது. கம்பியை நீட்டிக் கட்ட இடமில்லை. ஆகவே முப்பத்து மூன்றடி அலுமினியக் குழாயை நிமிர்த்தி நிறுத்தும் நிலைக்குத்து அன்ரனாவையே தெரிவு செய்தேன். ஏறாவூர் இரும்புக்கடை முதலாளியிடம் குழாய்களை வாங்கியபின், "ஒரு புவித்தொடுப்புக் கோலும் தாருங்கள்" என்றேன். அவர் விழித்தார். மண்ணில் அடித்து இறக்கும் செப்புக் கோல் என்று பாடமே நடத்தினேன். அவர் முகம் மலர்ந்தது.

"எர்த் றொட்டா? அத முதல்லயே தமிழில கேட்டிருக்கலாமே டீச்சர்!"

யானை வேலி

நிலைக்குத்து அன்ரனாவின் மறுபாதி மண்ணுக்குள் இருக்கிறது. அடியிலிருந்து சக்கரத்தின் ஆரைகள் போல் நாலாபுறமும் கம்பிகள் விரிய வேண்டும். பதினாறு கம்பிகளைக் கோணம் அளந்து புதைத்துக்கொண்டிருந்தேன். அயல்வீட்டுப் பாக்கியம் அதைக் கண்டு வாளியைப் போட்டுவிட்டு ஓடினார். தன் ஆட்டுக்குட்டிகளை வீட்டுக்குள் அடைத்தபின் திரும்பி வந்து என்னைக் கடிந்துகொண்டார்.

"வெல்லாவெளிப் பக்கம் வயல் வட்டைக்குள்ளதான் இப்பிடிக் கரண்டுக் கம்பி இழுப்பாங்க. இஞ்சயும் ஆனை வருதெண்டா எனக்கொரு வார்த்தை சொல்லப்படாதா டீச்சர்?"

கடத்தியும் காவலியும்

உப்புக்காற்றில் துருவோ களிம்போ பிடியாதிருக்க, கோல், ஆணிகள், கம்பி முனைகள் யாவற்றுக்கும் தனித்தனியே இருமுறை நீலப் பெயின்ற் பூசி, உலர்ந்தபின் இறுக்கிப் பூட்டினேன். அதைவிடத் துப்புரவான வேலையை நான் கண்டதில்லை.

அன்ரனாவை நிமிர்த்தி, வானொலியில் தம்பியை அழைத்தேன். பதிலில்லை. மீண்டும் அழைத்தேன்; ஒலிவாங்கியில் மின் ஏறி, ஊசி குத்தியது போல் என் உதட்டைக் கடித்தது. என் கருவி என்னையே கடிப்பதா! மேகமோ கறுத்துக்கொண்டு வந்தது. என் பழைய மாணவரும் இப்போது மின்வேலை செய்பவருமான சிவநேசனை அழைப்பித்தேன். அவர் ஓர் ஆணியைக் கழற்றி, பெயின்றை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு மிகப் பணிவாகக் கேட்டார்.

"எட்டாம் வகுப்பில நீங்க என்னட்டக் கேட்ட கேள்விதான் டீச்சர். பெயின்ற் கடத்தியா, காவலியா?"

தம்பியின் குரல்

"மின்னைக் கடத்தாத காவலி" என்று விடை சொல்லிவிட்டு, பதினாறு முனைகளையும் கோலையும் நானே கத்தியால் சுரண்டினேன். முடித்த அன்றே மழை கொட்டியது. மின்சாரமும் தொலைபேசியும் போயின. கருவியைப் பற்றரியில் இயக்கி, ஒலிவாங்கியைப் பிடித்து, வகுப்பறைக் குரலில் தம்பியைக் கூவினேன். கடிக்கவில்லை. ஆனால் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. மீண்டும் கூவினேன். இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வந்தது பதில்.

"அக்கா, பாலத்துக்கு மேலால தண்ணி போகுது, நான் பத்திரமா இருக்கிறன். மறுகா இன்னொண்டு, கத்தாதீங்க, காது அடைக்குது."

ஊரார் பிள்ளைகளின் விடைத்தாள்களையெல்லாம் சிவப்பு மையால் திருத்திய எனக்கு, என் சொந்த விடையைக் கத்தியால் சுரண்டித் திருத்தும் பேறு அந்த நீலப் பெயின்றால்தான் வாய்த்தது.