நீனாவுக்கு வைத்த நவநாள்

வயதுபோனவர்களை வீடு வீடாய்ப் போய்ப் பார்க்கிற கெயரர் வேலையில் ஏஜென்சி சொல்லித்தருகிற முதல் பாடம், ஆள் சாப்பிட்டதா என்று பார். இரண்டாவது பாடம், அந்த வீட்டுக் கதைக்குள் போய் விழாதே. என்னைப்போல விடிய வெள்ளன பஸ்ஸுக்கு ஓடுகிற சகோதரிகளே, இரண்டாவது பாடத்தில் உங்களில் ஆர் பாஸ் பண்ணினீர்கள்? நான் இந்த இங்கிலீஷ் நாட்டில், லூயிஷாம் என்கிற இடத்தில், சிஞ்ஞோர் புருனோ வீட்டில் விழுந்தேன். நல்லாய் விழுந்தேன்.

சிஞ்ஞோர் என்றால் ஐயா என்கிற மாதிரி. புருனோ இத்தாலிக்காரர். ஒப்பெராவுக்குப் பாட்டெழுதுகிறவர். ஒப்பெரா என்றால் எங்கடை நாட்டுக்கூத்து மாதிரித்தான். சண்டையும் பாட்டு, காதலும் பாட்டு, சாவதும் பாட்டு. மெட்டுப் போடுகிறவர் வேறு, அதுக்குச் சொல் எழுதுகிறவர் வேறு. இவர் சொல்லுக்காரர். போன மாரியில் மனைவி காலமானதில் இருந்து அவருக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. என் பெயர் றீற்றா என்றதும்தான் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "எங்கடை நாட்டுப் புனிதையின்ரை பேர். ஆகாத காரியத்துக்கெல்லாம் அவவிட்டைத்தான் போறனாங்கள். நீர் சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறீர்."

படியில் நின்று கத்தியது

பாட்டு உச்சத்துக்கு ஏறுகிற இடத்தில் வாய் நல்லாய்த் திறக்கிற சொல் வேண்டுமாம். வாயை மூடவைக்கிற சொல்லை அங்கே வைத்தால் பாடுகிற பிள்ளையின் தொண்டை கிழியுமாம். எழுதிய சொல்லை யாராவது உரத்துச் சொல்லிக் கேட்காமல் அவர் அடுத்த வரிக்குப் போகமாட்டார். முந்தி அந்த வேலையை மனைவி செய்தவ. இப்போது அவ இல்லை, அவருக்கும் பலமாய்ச் சத்தம் வராது.

ஒருநாள் நான் உடுப்புக் கூடையோடு படியேறிக்கொண்டிருக்க, "றீற்றா, அதிலேயே நிண்டு இதை ஏலுமானமட்டும் பலமாய்ச் சொல்லும்" என்று ஒரு இத்தாலியன் சொல்லைத் தந்தார். கருத்துத் தெரியாது. ஆனால் மூன்று பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வளர்த்த தொண்டை இது. விட்டேன் ஒரு சத்தம்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா செருப்பும் போடாமல் ஓடிவந்து கதவைத் தட்டினா. "இஞ்சை ஆரையும் கொல்லுறியளோ?" நான் வெட்கத்தில் உடுப்புக் கூடையால் முகத்தை மறைக்க, உள்ளே இருந்து சிஞ்ஞோர் ஆறுதலாய்ப் பதில் சொன்னார்: "இன்னும் இல்லை மேடம். மூண்டாம் அங்கத்திலைதான்."

நீனாவுக்குச் சுகமில்லை

ஒரு திங்கட்கிழமை போனபோது ஆள் கஞ்சியைத் தொடாமல் கண் கலங்கிப்போய் இருந்தார். "நீனாவுக்குக் கடுமை, றீற்றா. நெஞ்சுவருத்தம், ஒரே இருமல். சின்னப் பெட்டை. ஒரு கூரையறையிலை தனியக் கிடக்கிறாள். வாற மாதத்துக்கை போயிடுவாள்." இத்தாலியில் பேத்தி ஒன்று இருக்கிறதாக்கும் என்று நினைத்தேன். அழுகிற மனிதனிடம் தோண்டித் தோண்டிக் கேட்கிற பழக்கம் எனக்கில்லை.

நாங்கள் செய்கிறதை நான் செய்தேன். நோர்பரியில் எங்கள் செபக்குழுவுக்குத் தலைவி செசிலி அக்கா. அவவிடம் பெயரைக் கொடுத்தேன். அன்றைக்கே நோயாளிகளுக்கான மன்றாட்டில் நீனாவின் பெயர் வாசிக்கப்பட்டது. முழு செபமாலை சொன்னோம். அக்கா அத்தோடு விடாமல் நீனாவுக்கென்று ஒன்பது நாள் விடாமல் செபிக்கிற நவநாளும் ஒன்று தொடங்கிவிட்டா.

அடுத்தமுறை இதை சிஞ்ஞோரிடம் சொன்னேன். அவர் மேசையில் கிடந்த தாள்களைத் தட்டிக் காட்டினார். நீனா அதுக்குள்தான் இருக்கிறாளாம்! புது ஒப்பெராவின் கதாநாயகி. எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. இன்றைக்கே எல்லோரிடமும் சொல்லி நிற்பாட்டுகிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்தார். "வேண்டாம். நான் எழுதின பெட்டையளுக்காக இதுவரைக்கும் ஒருத்தரும் செபிச்சதில்லை. நிப்பாட்டாதையும்."

செசிலி அக்காவின் தீர்ப்பு

செபக்குழுவுக்கு மட்டும் மறைக்கக்கூடாது என்று பஸ் தரிப்பில் வைத்து அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அக்கா குடையை ஒருதரம் மடக்கினா, ஒருதரம் விரித்தா, யோசித்தா. "ஆள் பொய்யெண்டாலும் வருத்தம் உண்மைதானே? தொடங்கின நவநாளைப் பாதியிலை விடேலாது. மற்றது, மாதாவுக்குத் தெரியும் ஆருக்குக் குடுக்கிறதெண்டு."

ஹெலன் வந்த நாள்

மெட்டுப் போடுகிற ஹெலன் இங்கிலீஷ்காரி. மழைக்கோட்டையும் கழற்றாமல் அடுப்படிக்குள் வந்து நின்றா. நாடகசாலைக்காரர் பொறுமை இழந்துவிட்டார்களாம். மாத முடிவுக்குள் கடைசிக் காட்சிக்குச் சொல் வராவிட்டால் வேறொருவரை வைத்து எழுதுவிப்பார்களாம். சாவு மெட்டு எப்போதோ தயார். நீனா சாகிறதுதான் பாக்கி.

ஹெலன் கைகழுவப் போன நேரம் சிஞ்ஞோர் எனக்குச் சொன்னார். இவ்வளவு காலமும் அவர் எழுதிய பெண்களில் ஒருத்தி மதில் மேலிருந்து குதித்தாள், ஒருத்தி நஞ்சு குடித்தாள், ஒருத்தியைப் புருஷன் கத்தியால் குத்தினான். முதல்நாள் ஆட்டம் பார்த்துவிட்டு வருகிற வழியெல்லாம் அவருடைய மனிசி கேட்பாவாம், "ஒருத்தியையாவது உயிரோடை வீட்டுக்கு அனுப்பமாட்டீங்களோ?" என்று. அவர் சிரிப்பாராம். இப்போது அந்தக் குரல் இல்லை. பேனையும் ஓடவில்லை. வேறொருவர் எழுதினால் நீனா கட்டாயம் செத்துப்போவாள். தானே காப்பாற்றலாம் என்றால் மெட்டு விடாது.

ஹெலன் திரும்பி வந்ததும், "அவள் தப்பினால் என்ன?" என்று நான்தான் கேட்டுவிட்டேன். பாடம் இரண்டு போச்சு! ஹெலன் கோபிக்கவில்லை. என் தோளில் தட்டிச் சொன்னா: "அன்பே, சனம் அழுகிறதுக்கெண்டு உடுத்துக்கொண்டு வருகுது. அழவிடாமல் அனுப்பினால் கோபிக்கும்."

மூன்று பாக்கெட் உப்பு

எனக்குத் தெரிந்த இத்தாலியன் எல்லாம் அந்த வீட்டு அடுப்படியில் பொறுக்கியதுதான். அடுத்த வாரம் தேத்தண்ணீர்க் கோப்பைக்குக் கீழே ஒரு கடதாசித் துண்டு கிடந்தது. "பெஷ்ஷே, பெஷ்ஷே, லிமோனே, சாலே, சாலே, சாலே." மீன், மீன், தேசிக்காய், உப்பு, உப்பு, உப்பு. பிரஷர்காரருக்கு எதுக்கு இவ்வளவு உப்பு? ஆனால் சாப்பாட்டில் ஆசைப்பட்டு அவர் எழுதியது அதுதான் முதல்தடவை. உங்களுக்குத் தெரியும், இப்படியான ஆட்கள் வாய்திறந்து ஒன்றைக் கேட்டால் ஏன் என்று கேட்கக்கூடாது. மார்க்கெட்டுக்குப் போய் இரண்டு மீனும், புளிக்குத் தேசிக்காயும், மூன்று பாக்கெட் உப்பும் வாங்கிவந்து, தேங்காய்ப்பாலில் மீன்சொதி வைத்தேன். உப்பை மட்டும் கிள்ளித்தான் போட்டேன்.

மணத்துக்கு ஆள் தானே சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். என்ன விசேஷம் என்று கேட்டார். துண்டைக் காட்டினேன். மனுஷன் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது. புதுமெட்டு வந்தால் அளவு பிடிபடுகிறதுக்காக முதலில் வாயில் வந்த சொல்லைப் போட்டு நிரப்புவாராம். நல்ல சொல் கிடைத்ததும் அதை வெட்டிவிடுவாராம். நீனாவின் சாவு மெட்டுக்கு நிரப்பியதைத்தான் நான் சந்தையில் வாங்கி வந்திருக்கிறேன்!

சிரித்து முடிய, கோப்பை நிறையச் சொதியும் பாணும் சாப்பிட்டார். வழித்துச் சாப்பிட்டார். பிறகு உடைந்த குரலில், மெல்ல, அந்த மெட்டைப் பாடினார். மீன், மீன், தேசிக்காய், உப்பு, உப்பு, உப்பு. பாடிவிட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். "என்ரை மனிசி கடைசிக் கிழமை ஒண்டுமே கேக்கேல்லை. சாகப்போற ஆள் உப்புக் கேக்காது, றீற்றா."

முதல் ஆட்டம்

அந்த மீனையும் உப்பையுமே சிஞ்ஞோர் கடைசிக் காட்சிக்குச் சொல்லாய் எழுதிக் கொடுத்துவிட்டார். ஹெலன் முதலில் கோபத்தில் குதித்தாவாம். பிறகு பியானோவுக்கு முன்னால் இருந்து அந்தச் சொற்களை ஒருதரம் பாடிப்பார்த்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஒரு சுரமும் மாத்தமாட்டன்" என்றாவாம். சின்ன நாடகசாலைதான். சிஞ்ஞோர் சக்கர நாற்காலியில், பக்கத்தில் நான், எங்களுக்குப் பின்வரிசை முழுக்க நோர்பரி செபக்குழு, பட்டுச்சேலையும் குளிர்க்கோட்டுமாய்.

நீனா இருமினாள். பின்வரிசையில் செபமாலை மணிகள் உரசுகிற சத்தம் கேட்டது. சாவு மெட்டு தொடங்கியது. சரியாய்ச் செத்தவீட்டு மெட்டு. அந்த மெட்டில் அந்தப் பிள்ளை கண்ணைத் திறந்து மீன் கேட்டாள், தேசிக்காய் கேட்டாள், உப்பு, உப்பு, உப்பு என்று ஒவ்வொருதரமும் கொஞ்சம் பலமாய்க் கேட்டாள். மூன்றாவது உப்புக்குக் கட்டிலை விட்டுக் காலைக் கீழே வைத்தாள். எனக்கு முன்னால் இருந்த பெரிய மனுஷன் ஒருவர் தேம்பித் தேம்பி அழுதார். கோபித்த மாதிரித் தெரியவில்லை. சிஞ்ஞோர் ஆரிடமோ பதில் சொல்கிற மாதிரித் தலையை ஆட்டினார், சிரித்தார்.

லைட் வந்ததும் செசிலி அக்கா என் தோளுக்கு மேலால் எட்டி, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடி சொன்னா: "அடுத்தது ஆருக்குச் சுகமில்லையெண்டு அவரிட்டைக் கேள். இப்பவே தொடங்கினால்தான் சரி."

இத்தனை வருஷமாய் நான் போய்வந்த வீடுகளில் படுக்கையை விட்டு எழும்பி நடந்துபோன ஒரே நோயாளி தாளில் இருந்தவள்தான், அவள் கேட்ட உப்பில் இரண்டு பாக்கெட் இன்னும் என் அலுமாரிக்குள் உடைக்காமல் கிடக்கிறது.