சட்டிக்கல் பாய் கடை

பக்கத்து மனையில் வீடு கட்டப் போகிறார்கள். நேற்றுக் காலை ஒரு லாரி வந்து ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போனது. தூசி அடுப்படி வரைக்கும் வருகிறதே என்று நான் மாடியிலிருந்து சத்தம் போட்டதில் மேஸ்திரி பயந்துபோய், தண்ணீர்க் குழாயைப் பிடித்து அந்தக் குவியலை நனைத்தார். நனைந்ததும் ஒரு வாசனை வந்தது. புதிதாக உடைத்த கல்லில் தண்ணீர் பட்டால் வரும் வாசனை. கொஞ்சம் தீக்குச்சி மருந்து மாதிரி, கொஞ்சம் ரத்தம் மாதிரி.

"கல்லுக்கு ஏது வாசனை?" என்றார் வீட்டுக்காரர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கல்லில் மூக்கை வைத்துக்கொண்டு இளமையைக் கழித்தவள் நான்தான்.

நம்ப மாட்டீர்கள். இப்போது மாடிப்படி ஏறவே கைப்பிடியைத் தேடுகிறேன். ஆனால் எண்பதுகளின் தொடக்கத்தில், பெரம்பலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக்கொண்டிருந்த நாட்களில், நான் பாறை ஏறுகிறவள். திருச்சியில் கல்லூரி படிக்கும்போது என்.சி.சி.யில் கற்றுக்கொடுத்தார்கள். கயிற்றை இடுப்பில் கட்டி, விரல் நுனியைப் பாறை வெடிப்பில் செருகி, கன்னத்தைக் கல்லோடு ஒட்டிக்கொண்டு ஏற வேண்டும். வாரம் முழுக்க "ஹலோ அரியலூர், ஹலோ அரியலூர்" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சட்டிக்கல்லுக்கு பஸ் ஏறிவிடுவேன்.

ரஞ்சன்குடிக் கோட்டையைத் தாண்டிக் கிழக்கே ஒரு மண்ரோடு பிரியும். பருத்திக் காட்டுக்கும் சோளக் காட்டுக்கும் நடுவே போனால், பெரிய மண்சட்டியைக் கவிழ்த்து வைத்ததுபோல ஒரே பாறையாலான குன்று. அதன் அடியில் ஓட்டுக்கூரை போட்ட ஒரு கடை. கடைக்குப் பின்னால் வேலி போட்ட தரிசு, அதில் ஒரு கிணறு, நாலைந்து வேப்பமரம். அந்தத் தரிசில்தான் திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் மலையேறுகிற பையன்கள் வந்து கூடாரம் போட்டுத் தங்குவார்கள்.

கடை காதர் பாயுடையது. லப்பைக்குடிக்காட்டுக்காரர். அண்ணன் தம்பியெல்லாம் துபாய், குவைத் என்று போய்விட, "நமக்கு ஏரோப்ளேன் ஒத்துக்காது" என்று இங்கே கடை வைத்து உட்கார்ந்துவிட்டார். சீமெண்ணெய், கருவாடு, பீடி, சோப்பு, வாளிக் கயிறு, சின்ன வெங்காயம். உள்ளே நுழைந்தால் இவை எல்லாம் கலந்து ஒரு நெடி அடிக்கும். பையன்கள் வரத் தொடங்கியதும் ரொட்டியும் ஜாம் பாட்டிலும் டார்ச் பேட்டரிக் கட்டையும் வந்து சேர்ந்தன. உள்ளூர்க்காரர்கள் அந்த ஜாம் பாட்டிலை ஏதோ மருந்து என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஏரோப்ளேன் மட்டுமல்ல, பாய்க்கு எந்த உயரமும் ஒத்துக்காது. ஓடு மாற்ற ஏணியில் ஏறினால் தலை சுற்றும். மலையேறுகிறவர்களுக்கு இடம் கொடுத்த அந்த மனிதர் ஒருவர் ஏறுவதைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. யாராவது பாறையில் கால் வைத்தால் உடனே ரோட்டைப் பார்க்கத் திரும்பி நின்றுவிடுவார். உதடு மட்டும் துவாவை முணுமுணுத்துக்கொண்டிருக்கும். அப்படியே முதுகைக் காட்டியபடி அவ்வப்போது கேட்பார்: "எறங்கியாச்சா?"

"இப்பதான் பாய் பாதி ஏறியிருக்கு."

"யா அல்லா. மெதுவா, மெதுவா."

அவர் மனைவி சபூரா அக்கா நேர்மாறு. அடுப்பை அப்படியே போட்டுவிட்டு வந்து, இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்ப்பார். "எடதுபக்கம் காலு வையி! அங்கதான் நேத்து அந்தக் கண்ணாடி போட்ட தம்பி வச்சிச்சு!" என்று வழிகூடச் சொல்வார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. யாராவது துருவிக் கேட்டால் அக்கா, "புள்ளைங்க இல்லாட்டி என்ன, எங்களுக்கு ஞாயித்துக்கிழம இருக்கு" என்பார். பையன்கள் கூடாரத்தில் தூங்குவார்கள். எனக்கு மட்டும் கடையை ஒட்டியிருந்த அக்காவின் வீட்டில் கோரைப்பாய். மொச்சைக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பும் சோறும் அங்கே சாப்பிட்டது மாதிரி பிறகு எங்கும் சாப்பிடவில்லை. சைவ வீட்டுப் பெண் இதைச் சொல்கிறேன், வெளியே சொல்லிவிடாதீர்கள்.

வந்தவர்களில் வின்சென்ட் என்று ஒருவன் இருந்தான். நாகர்கோவில் பக்கம். திருச்சியில் ஜியாலஜி படித்தான். எல்லோரையும்விட நன்றாக ஏறுவான். சட்டிக்கல்லில் எந்த வெடிப்பு எங்கே போகும், மழைக்குப் பிறகு எந்த இடம் வழுக்கும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். ஒருநாள் கைநழுவி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. விழுந்த சத்தம் கேட்டு அன்றைக்கு ஒருநாள்தான் பாய் மலைப்பக்கம் திரும்பினார் என்று நினைக்கிறேன். வெங்காயம் ஏற்ற வந்த வேனில் அவனைக் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டு பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மாவுக்கட்டோடு திரும்பியவனை ஊருக்கு அனுப்பாமல் அக்கா தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். கட்டுப் பிரிக்கிறவரைக்கும் அவனைக் குளிப்பாட்டியது பாய். ஊட்டாத குறையாகச் சோறு போட்டது அக்கா.

கால் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அக்காவின் கால். பித்தவெடிப்பு நிறைந்த அகலப் பாதம். அந்தப் பாதம் ஒருமுறை சட்டிக்கல் ஏறியது.

பையன்களுக்குப் பரீட்சை நேரம். நான் மட்டும் வந்திருந்தேன். பாய் சரக்கு எடுக்க ஆண்டிமடம் பக்கம் போயிருந்தார். காலை வெயில் இன்னும் சுடவில்லை. சபூரா அக்கா தலைத் துணியை எடுத்துக் கொடியில் போட்டார். சேலையைத் தூக்கிச் செருகினார். "என்னையும் கட்டிவிடுடி" என்றார்.

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சரிவான பக்கமாக நான் முதலில் ஏறி, உச்சியில் இருந்த இச்சி மரத்தில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, மெல்ல மெல்ல அவரை மேலே வாங்கினேன். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினார். நான் குனிந்து, "எறங்கிடலாமாக்கா?" என்றேன். "வாய மூடிட்டுக் கயித்தப் புடி" என்று பதில் வந்தது.

மேலே வந்ததும் நின்று நாலு பக்கமும் பார்த்தார். காற்றில் முடி பறந்தது. கிழக்கே மங்கலாக வெள்ளையாய் எதையோ காட்டி, "அது எங்க ஊர் பள்ளிவாச மினராவா இருக்கும்ல?" என்றார். இருக்கலாம் என்றேன். அப்புறம் கீழே தன் வீட்டுக் கூரையைப் பார்த்தார். ஓட்டின்மேல் ஒரு கரண்டி, யாருடையதோ ஒற்றைச் செருப்பு, வெளுத்துப்போன ஒரு பனியன். "அடிப்பாவி! அந்தக் கரண்டிக்காவ பக்கத்துக் காட்டுக்காரிகிட்ட எம்புட்டுச் சண்ட போட்டேன்! காக்கா தூக்கிட்டுப் போயி இங்கல்ல போட்டிருக்கு!" சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பு நின்ற பிறகும் அந்தத் தண்ணீர் நிற்கவில்லை.

இறங்கி வந்தபோது, எப்போது திரும்பினாரோ, பாய் கடை வாசலில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதுகு நனைந்திருந்தது. திரும்பாமலே கேட்டார்: "எறங்கியாச்சா?"

"எறங்கியாச்சு" என்றார் அக்கா, புதுப்பெண் மாதிரி.

இதோடு நிறுத்திக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் நடந்தது இதோடு நிற்கவில்லையே.

வின்சென்ட் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டான். கொஞ்ச காலம் ஆளைக் காணோம். பிறகு ஒரு ஞாயிறு மதியம் ஒரு ஜீப்பில் வந்து இறங்கினான். கூடவே வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பேர். பாய் கல்லாவை விட்டு ஓடினார். "வாங்க தம்பி, வாங்க! காலு எப்படியிருக்கு? கயிறு எங்க, கொண்டாரலியா?"

"இல்ல பாய். இன்னைக்கு ஏற வரல."

வந்தவர்கள் சுத்தியலால் பாறையைத் தட்டிப் பார்த்தார்கள். சில்லு எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்கள். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் வின்சென்ட் சொன்னான். அவன் சேர்ந்திருப்பது கல் உடைக்கிற கம்பெனி. சட்டிக்கல் புறம்போக்கு, கம்பெனிக்குக் குத்தகை கிடைத்துவிட்டது. "ரோடு வரும் பாய். கரண்ட் வரும். நூத்துக்கணக்குல ஆளு வருவாங்க. ஒங்க கடைக்குத்தான் யாவாரம்."

பாய்க்குப் புரிய நேரமானது. அக்காதான் கேட்டார். "எம்புட்டு எடுப்பீங்க தம்பி?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "முழுசும்தான்க்கா."

அக்கா கையில் குழம்புக் கரண்டி இருந்தது. அவன் தட்டில் குழம்பு தீர்ந்திருந்ததைப் பார்த்து இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார். பிறகு உள்ளே போனவர் ஜீப் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

நான் ஜீப் வரைக்கும் பின்னாலேயே போனேன். "எப்படிடா மனசு வந்துச்சு?"

"நான் இல்லன்னா வேற ஒருத்தன் வருவான். எனக்குத் தங்கச்சிங்க இருக்காங்க. நான் இருந்தாலாச்சும் கடைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லலாம்" என்றான். அவன் முகத்தைப் பார்த்து அடிக்கத்தான் போயிருந்தேன். அடிக்க முடியவில்லை. அவன் பாதி அழுதுகொண்டிருந்தான்.

பாய் விடவில்லை. நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்ட மனுவை எடுத்துக்கொண்டு, பெருநாளுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, திருச்சி கலெக்டர் ஆபீசுக்குப் போனார். அப்போது பெரம்பலூர் திருச்சி ஜில்லா. துணைக்கு நானும் லீவு போட்டுப் போனேன். ரொம்ப நேரம் காத்திருந்த பிறகு ஓர் அதிகாரி கூப்பிட்டார். கெட்டவரில்லை. உட்காரச் சொன்னார்.

"மலையில என்னங்க இருக்கு? கோயில் எதாவது?"

"இல்லீங்க."

"தர்கா, சமாதி?"

"ஒண்ணுமில்லீங்க."

"கல்வெட்டு? சுனை? அப்ப எதுக்குங்க மலைய எடுக்கக் கூடாதுங்கிறீங்க?"

பாய் என்னைப் பார்த்தார். பிறகு அவரே சொன்னார். "புள்ளைங்க ஏறுவாங்க சார்."

"ஏறி?"

பாய் கொஞ்சம் யோசித்தார். "எறங்கிடுவாங்க" என்றார்.

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஏளனமாகக்கூட இல்லை, வேடிக்கையாக. அதிகாரியும் சிரித்துவிட்டு மனுவை ஒரு கட்டின்மேல் வைத்தார். பஸ்ஸில் திரும்பும்போது பாய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தார். பாடாலூர் வரும்போது கேட்டார்: "நான் எதாச்சும் தப்பாச் சொல்லிட்டேனா ஆப்பரேட்டரம்மா?" இல்லை பாய் என்றேன். இதைவிடச் சரியான பதில் என்ன என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

வெடி வைக்கத் தொடங்கினார்கள். அந்தப் பக்கத்திலிருந்துதான். அதில் வின்சென்ட் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். விசில் ஊதி, சிவப்புக் கொடி காட்டி, பிறகு வயிற்றுக்குள் குத்துவதுபோல ஒரு சத்தம். கடை ஓடுகள் சரிந்தன. சரக்கெல்லாம் வெள்ளையாகத் தூசி படிந்தது. பையன்கள் ஓரிரு முறை வந்து பார்த்துவிட்டு, செத்த வீட்டில் நிற்பதுபோல நின்றுவிட்டுப் போனார்கள். கூடாரம் போட்ட தரிசில் லாரிகள் நின்றன. கிணறு முதலில் கலங்கியது, அப்புறம் வற்றியது.

வியாபாரம் மட்டும் அவன் சொன்னபடியே பெருகியது. சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த கல் உடைக்கிற குடும்பங்கள் அரிசியும் பீடியும் வாங்கக் கடை வாசலில் நின்றன. அவர்கள்மேல் என்ன கோபப்பட முடியும்? குழந்தைகள் தலையெல்லாம் தூசியோடு மிட்டாய்க்குக் கை நீட்டும். பாய் கொடுப்பார். யாரிடமும் பேச மாட்டார். ஒன்று மட்டும் மாறியிருந்தது. மலைக்கு முதுகைக் காட்டியே நின்ற மனிதர், இப்போது நாற்காலியை அந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டு, ஒவ்வொரு வெடிக்கும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கல்யாணமாகி மதுரைக்கு மாற்றல் வந்துவிட்டது. கடை இருந்த இடத்தை ஜல்லி உடைக்கிற கிரஷருக்கு எடுத்துக்கொண்டார்கள் என்றும், இரண்டு பேரும் லப்பைக்குடிக்காட்டுக்குப் போய்விட்டார்கள் என்றும் பின்னால் கேள்விப்பட்டேன். நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது பாய் இறந்துபோய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. கொழுந்தனார் கட்டிய குவைத் பணத்து வீட்டில், பின்கட்டில் ஓர் அறையில் சபூரா அக்கா இருந்தார். என்னைத் தெரிந்துகொண்டார். கையைப் பிடித்து உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார். "மெத்துன்னு ஆயிப்போச்சேடி" என்றார்.

வின்சென்ட் வந்தானா என்று கேட்டேன்.

"பாய் மவுத்துக்கு வந்தான். வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தான். உள்ள வான்னு கூப்புடல நானு. ஆனா போன்னும் சொல்லல." என் கையை விட்டுவிட்டு, "நொண்டி நொண்டித்தான் போனான். அந்தக் காலு இன்னும் அவனுக்குச் சரியாவலடி" என்றார். அதற்குமேல் என்னாலும் அங்கே உட்கார முடியவில்லை. அடுத்த முறை போவதற்குள் அக்காவும் இல்லை.

சட்டிக்கல் முழுதாகத் தெரிகிற ஒரு போட்டோகூட எங்கள் யாரிடமும் இல்லை. இருக்கிற படங்களிலெல்லாம் நாங்கள் பாறையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறோம். பின்னால் வெறும் கல்தான் தெரிகிறது. தள்ளி நின்று அதை ஒரு படம் எடுக்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மலை எங்கே போய்விடப் போகிறது?

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் பெரம்பலூர் போனவள், துணிந்து அங்கேயும் போனேன். டிக்கெட் கேட்டால் சட்டிக்கல் என்ற பெயர் கண்டக்டருக்குத் தெரியவில்லை. "கிரஷர் ஸ்டாப்பா?" என்றார். கிரஷரையும் மூடிவிட்டார்களாம், பெயர் மட்டும் இருக்கிறது. முள்வேலியைத் தாண்டிப் போனால், மலை இருந்த இடத்தில் ஒரு பள்ளம். செங்குத்தாக இறங்கும் சுவர்கள். அடியில் அசையாத பச்சைத் தண்ணீர். வேப்பமரங்கள் இல்லை. கடை எந்த இடம் என்றுகூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம், "இங்க ஒரு மலை இருந்துச்சே, தெரியுமாங்க?" என்று கேட்டேன். முப்பது வயதிருக்கும். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"மலையா? இங்கயா? எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து குழிதாம்மா."

நான் இன்னும் கொஞ்சம் முன்னால் போய் எட்டிப் பார்த்தேன். அவர் ஓடி வந்து என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"தள்ளி நில்லுங்கம்மா. ஆழம் எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது."