முப்பத்தொன்றாம் நம்பர் டப்பா

போன வருஷம் மறைமலை நகரில் நான் பாத்திரம் கழுவுகிற கம்பெனி கேன்டீனுக்கு மருத்துவ முகாம் வந்தது. சின்னப் பெண், டாக்டர். என் பேரைக் கேட்பதற்கு முன்னால் கட்டைவிரலால் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். "ரத்தம் கம்மியா இருக்கேக்கா" என்றாள். அவ்வளவுதான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கையைத் தட்டிவிட்டேன். பாவம், அவள் பயந்துபோனாள். கோபம் அவள்மேல் இல்லை. வேறு ஓர் ஆள்மேல். அந்த ஆள் இப்போது உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ தெரியாது. கோபம் இருக்கிறது.

அப்போது எனக்கு ஏழு வயது. எண்பதுகளின் நடுவில். செம்பாக்கம் ஏரிக்கரைக்குக் கீழே எங்கள் தெரு. தெருவே ஒன்றுக்குள் ஒன்று சொந்தம். பெண்களுக்குக் கீரைத் தோட்டத்தில் வேலை. அம்மா விடியும்போதே பாத்தியில் இறங்கிக் கீரை பறித்து, கட்டுக்கட்டி, தாம்பரம் மார்க்கெட்டுக்குத் தலையில் சுமந்து போவாள். செருப்பு கிடையாது. கால்விரல் இடுக்கெல்லாம் அரிக்கும். மஞ்சள் அரைத்துப் பூசிக்கொள்வாள். அந்த வருஷம் அவளுக்கு மூச்சு வாங்கியது. சுமையை வழியில் இரண்டு இடத்தில் இறக்கி வைப்பாள். முகம் ஊதி, வெளுத்துக் கிடந்தது. யாரும் பார்க்காதபோது அடுப்புச் சாம்பலைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். நான் பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் அந்த சார் வந்தார். பெரிய படிப்பு படித்தவர். வெயில் தேசத்து ஜனங்களின் வயிற்றுப் பூச்சியைப் பற்றி ஆராய்ச்சி. கொக்கிப்புழு என்று ஒன்று. வெளிக்கு இருக்கிற மண்ணில் குஞ்சு பொரித்து, வெறுங்கால் வழியாக ஏறி, குடலைக் கடித்துக்கொண்டு ரத்தம் குடிக்குமாம். படம் காட்டினார். தெரு அவருக்குப் பூச்சி சார் என்று பேர் வைத்தது.

வீட்டில் ஆளுக்கொரு டப்பா கொடுத்தார்கள். போட்டோ ஸ்டுடியோவில் பிலிம் ரோல் வருமே, அந்தக் கறுப்பு டப்பா. மேலே பிளாஸ்திரி ஒட்டி நம்பர் எழுதியிருக்கும். அம்மாவுக்கு முப்பத்தொன்று. எனக்கு முப்பத்திரண்டு. மறுநாள் காலை வெளிக்கு இருந்ததும் அதில் கொஞ்சம் போட்டு மூடிவைக்க வேண்டும். வாங்கிப் போக ஆள் வருவான்.

அந்த ஆள் என் சித்தப்பா. அப்பாவின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை. சாப்பாடு எங்கள் வீட்டில்தான். தெருவில் எல்லாரையும் தெரிந்தவன் என்று பூச்சி சார் அவரை தினக்கூலிக்கு வைத்துக்கொண்டார். சித்தப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு, டப்பாக்களைப் போட சைக்கிள் கேரியரில் பிஸ்கட் டின்னைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். டீக்கடையில் சும்மா விடுவார்களா.

"இன்னா மச்சான், ஐஸ் பொட்டியா? குச்சி ஐஸா, கப் ஐஸா?"

"உனுக்கு இன்னா வேணும் சொல்லு, தொறந்து தரேன்" என்றார் சித்தப்பா. கடையே சிரித்தது.

வீட்டுக்குள் சிரிப்பு இல்லை. டப்பா கொடுத்த அன்று சாயங்காலமே அத்தை வந்துவிட்டாள். அப்பாவின் அக்கா.

"ஏன்டி, நாளைக்கு அவன் கையிலயா குடுக்கப் போற?"

"தூ" என்றாள் அம்மா. "கொழுந்தன் கையிலயா? சோறு போடுற கையால அதையும் குடுக்கறதா? செத்தாலும் மாட்டேன்."

"எனக்கு மட்டும்? கூடப் பொறந்த தம்பிடி அவன். பேசாம பசங்கள வுட்டு ரொப்பச் சொல்லு. அந்த ஆளுக்கு இன்னா தெரியப் போவுது? அதுல மூஞ்சியா ஒட்டிக் கீது?"

தெருவில் எந்தப் பெண்ணுக்கும் சித்தப்பா அந்நியர் இல்லை. ஒருத்திக்குக் கொழுந்தன், ஒருத்திக்குத் தம்பி, ஒருத்திக்கு நாளைக்கு மாப்பிள்ளையாக வரக்கூடியவர். எல்லா வீட்டிலும் இதே முடிவுதான். பூச்சி சாருக்கு இது தெரியாது. அவர் வேனில் ஓர் அக்கா உட்கார்ந்து நம்பர் எழுதிக்கொண்டிருந்தாள். அவளை இறங்கி வந்து வாங்கிப் போகச் சொல்லியிருந்தால் போதும். அந்த அக்கா வேனை விட்டு இறங்கவே இல்லை.

காலையில் நான் இரண்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு முள்ளுக்காட்டுக்குப் போனேன். இரண்டையும் நானே நிரப்பினேன். அம்மாவுக்கு ஒரு வேலையைச் செய்துகொடுத்த பெருமை எனக்கு. அதற்கு முந்தின மாசம்தான் பள்ளிக்கூடத்தில் எங்கள் எல்லாருக்கும் பூச்சி மாத்திரை கொடுத்திருந்தார்கள். என் வயிற்றில் ஒன்றும் இல்லை.

பத்து நாள் கழித்துப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் கூட்டம். பூச்சி சார் சந்தோஷமாக இருந்தார்.

"இந்தத் தெருவுல லேடீஸ்கிட்ட பூச்சியே இல்லைன்னு சொல்லலாம். ஜென்ட்ஸ்கிட்டதான் நிறைய. வெரி இன்ட்ரஸ்டிங். வேற எங்கயும் நான் இப்படிப் பார்த்ததில்லை."

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். என்னத்துக்கு என்று கேட்கவில்லை.

ஆண்களை வரிசையில் நிறுத்தி, அவர் கண் முன்னாலேயே மாத்திரையை விழுங்க வைத்தார்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சீட்டு. அப்பா விழுங்கிவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு மேஜைக்குப் போனார். நானும் போனேன்.

"சார், இவளுக்கு நடந்தா மூச்சு வாங்குது. காலு வீங்குது. இவளுக்கும் ஒண்ணு குடுங்க சார்."

பூச்சி சார் நோட்டைப் புரட்டினார். "நம்பர்?"

"முப்பத்தொண்ணு."

"நெகட்டிவ். தேவையில்லைப்பா. இல்லாத பூச்சிக்கு மாத்திரை சாப்பிடக் கூடாது."

அம்மா அவருக்கு ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். உதடு வெள்ளையாக இருந்தது. நகம் குழிந்து, மழைத்தண்ணீர் நிற்கும்போல இருந்தது. அந்தக் கையிலிருந்து அவர் முந்தின வாரம் அரைக்கீரை வாங்கிப் போயிருக்கிறார். பூச்சியைப் பற்றி உலகத்தில் தெரியவேண்டியதெல்லாம் தெரிந்தவர். தலையைத் தூக்கியிருந்தால் போதும். தூக்கவில்லை. நோட்டைப் பார்த்தார். அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.

நிரப்பினது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் கையைக் கிள்ளினாள். சுற்றி ஊரே நிற்கிறது. பக்கத்தில் சித்தப்பா, இஸ்திரி சட்டையோடு. மூடிக்கொண்டேன்.

அம்மாமேலும் எனக்குக் கோபம் உண்டு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வார்த்தையை எந்த வாயால் சொல்வது என்று யோசித்தால் எனக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சீட்டை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். "பூச்சி இல்லை."

"பாத்தியா, உன்னாலதான்" என்று சொல்லிச் சிரித்தாள். சீட்டை சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். நான் அதை நம்பினேன். டப்பாவில் போட்டேன், சீட்டு வந்தது, அம்மா வயிற்றில் பூச்சி இல்லை. பரீட்சை மாதிரி.

பூச்சி சார் ஆராய்ச்சி முடித்துக்கொண்டு போய்விட்டார். சித்தப்பாவின் கூலியும் நின்றது. இரண்டு மாசம் போயிருக்கும். ஒரு காலை அம்மா கீரைப் பாத்தியிலேயே விழுந்தாள். ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். உடம்பில் ரத்தமே இல்லை, இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று அங்கிருந்த டாக்டர் அப்பாவைத் திட்டினாராம். அப்பா சீட்டை நீட்டினாராம். மூன்று நாள் இருந்தாள். திரும்பி வரும்போது நடந்து வரவில்லை. அதோடு என் பள்ளிக்கூடமும் முடிந்தது. அடுப்பு என் கைக்கு வந்தது.

அந்த மூன்று நாளுக்குள் நான் ஒரு காரியம் செய்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கூட்டத்தன்று டப்பாக்களைக் கழுவித் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். முப்பத்தொன்றில் அம்மா ஊக்கு போட்டு வைத்திருந்தாள். இரண்டாம் நாள் காலை ஊக்குகளைக் கொட்டிவிட்டு, அதை எடுத்துக்கொண்டு முள்ளுக்காட்டுக்குப் போனேன். நிரப்பி, மூடி, பிளாஸ்திரியைத் துடைத்து, நம்பர் தெரியும்படி வாசற்படியில் வைத்தேன். சித்தப்பா ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவுக்கு மாற்றுப் புடவை எடுக்க வந்தார். அழுக்குச் சட்டை. இரண்டு நாள் தாடி.

"சித்தப்பா, டப்பா ரெடி. எடுத்துனு போ."

"இன்னா டப்பா?"

"அம்மாவோடது. சார்கிட்ட குடு. சீட்டு குடுப்பாரு."

சித்தப்பா டப்பாவை எடுத்தார். நம்பரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"உங்கம்மா ஆஸ்பத்திரில கீதுடி. இது ஏது?"

"நான்தான் போட்டேன். அப்பவும் நான்தானே போட்டேன். எல்லார் வூட்லயும் பசங்கதான் போட்டோம். உன் கையில குடுக்க வெக்கமாம்."

சித்தப்பா சைக்கிளைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டார். சைக்கிள் சாய்ந்து விழுந்தது. தூக்கவில்லை. அப்படியே வாசலில் உட்கார்ந்தார். டப்பா கையில் இருந்தது.

"சாரு போயி ரெண்டு மாசம் ஆச்சுடி" என்றார். தேம்பித் தேம்பி அழுதார். ஆம்பளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

வேலை போன துக்கம் என்று நினைத்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"அழுவாத சித்தப்பா. சாரு திரும்ப வருவாரு. உன்னை மறுபடியும் வேலைக்கு வெச்சுப்பாரு."