மூச்சக்கா படித்த பழிவாங்கும் கதை

எக்ஸ்ரே பிரிவில் அவளை எல்லோரும் மூச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "மூச்சை இழுத்துப் பிடிங்க... இப்ப விடலாம்" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? இருபத்துமூன்று வருடமாக அதே வேலை. அவள் அதிர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவள் மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிப்பதோ, தலைகள் உருளும் சாமுராய் மாங்கா. மகள் நூலகத்திலிருந்து எடுத்துவந்து பாதியில் போட்டுவிட்ட ஜப்பானியப் படக்கதை. தன் வீட்டைக் கொளுத்திய ஐந்து பேரைத் தேடி ஒரு வாள்வீரன் ஆற்றோரமாகவே நடக்கிறான். பாகம் பாகமாக நடக்கிறான். நாலாம் பாகத்தில்தான் முதல் ஆளே அகப்பட்டான்.

பள்ளி வேன் ஓட்டும் கணவர் ஒருநாள் அதைப் புரட்டினார். வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும் என்பது தெரியாமல் கடைசிப் பக்கத்தைத் திறந்துவிட்டார்.

"என்னம்மா இது, எடுத்த எடுப்பிலேயே எல்லாரும் செத்துக் கிடக்கறாங்க?"

அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, இந்த வெட்டுக்குத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று உண்மையாகவே கேட்டார்.

"வெட்டு ஒரு பக்கந்தாங்க. மிச்ச இருநூறு பக்கமும் அவன் காத்துக்கிட்டு இருக்கான்."

புத்தகத்தை வாங்கிக் காட்டினாள். ஒரு பக்கம் முழுக்க நாணல். அடுத்த பக்கம் முழுக்க மழை. பேச்சே கிடையாது. வாளை உருவுவதை வரையவே இல்லை; திரும்ப உறைக்குள் போவதை மட்டும் வரைந்திருந்தார்கள். எதிரியின் தொப்பி இரண்டாகப் பிளந்து விழுகிறது, அவ்வளவுதான். நாள் முழுக்க நிஜ ரத்தத்தைப் பார்க்கிறவளுக்கு அந்த ரத்தம் நல்ல கையால் இழுத்த கறுப்புக் கோடாகத்தான் தெரிந்தது.

காத்திருப்பது அவளுக்குப் புதிதில்லை. பதினான்கு வருடத்துக்கு முன், அன்றைய பிரிவுப் பொறுப்பாளர் ஒரு நோயாளியின் கால் படத்தில் இடது, வலது என்று காட்டும் ஈயக் குறியை மாற்றி வைத்துவிட்டார். நல்லவேளையாக, கத்தி வைக்கும் முன்பே டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். விசாரணை வந்தபோது பொறுப்பாளர் கூசாமல் மூச்சக்காவைக் கைகாட்டினார். இரண்டு வருடம் அவளைக் கீழ்த்தளத்துப் பதிவேட்டு அறைக்கு அனுப்பினார்கள். தூசி, இருமல், ஜன்னல் இல்லாத சுவர். அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் அவரை விட்டுவிட்டு அவளையா நம்பியிருப்பார்கள்?

போன மாதம் ஒரு காலை அந்தப் பொறுப்பாளரே வந்து நின்றார். ஓய்வுபெற்று, தளர்ந்து, குளியலறையில் வழுக்கி விழுந்து இடது தோள் வீங்கி. சீட்டில் இருந்த பெயரை மூச்சக்கா இரண்டு தடவை படித்தாள். இருந்தாலும் வலிக்காமல் தாங்கிப் பிடித்து அவரை நிறுத்தினாள். இடதுக்கான ஈயக் குறியை எடுத்து அவர் கண்முன் காட்டினாள்.

"இடது தோளுக்கு இடது குறி. நீங்களே பாத்துக்கோங்க, சார்."

அவர் முகம் வெளிறிப்போனது.

"அன்னிக்கு மாத்தி வச்சது நான்தான். உனக்குத் தெரியும்ல?"

"அன்னிக்கே தெரியும் சார். மூச்சை இழுத்துப் பிடிங்க."

தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினாள். படம் பதிவாகிவிட்டது. ஆனால் அவள் "விடலாம்" என்று சொல்லவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கன்னம் உப்பி, கண் பிதுங்க, சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளைபோல் நின்றார். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"விடலாம் சார்."

மாலையில் இதைச் சொன்னபோது, மூன்று விநாடிதானா என்று கணவர் குறைப்பட்டுக்கொண்டார். அது போதும் என்றாள். அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் இப்போதைய பொறுப்பாளர் அம்மா அவளைக் கூப்பிட்டனுப்பினார். பழையவர் போகும்போது நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இத்தனை வருடம் கழித்து அதை அவளுடைய பணிக் கோப்பில் எழுத வேண்டுமா, விட்டுவிடலாமா என்று கேட்டார். பெரிய மனசு பண்ணி வேண்டாம் என்பாள் என்றுதான் எதிர்பார்த்திருப்பார் போலும்.

"எழுதுங்கம்மா," என்றாள் மூச்சக்கா.

எழுதினார்கள். அவள் நின்றபடியே வரிவரியாகப் படித்து, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தச் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனாள்.