வக்கீலம்மாவை ஏமாற்றிய முக்காலி

எங்கள் வக்கீலம்மாவைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது. நான்காம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன்தான். ஆனால் அந்த அம்மா அறை தேடி அலைந்த காலத்தில், என் மரச்சாமான் கடைக்கு மேலே மாடியைத் திறந்துவிட்டவன் நான். அந்தக் கட்டடத்தின் செங்கல் ஒவ்வொன்றும் என் உளி சம்பாதித்தது. மாடியில் கிடக்கும் நாற்காலிகளும் என் கைவேலைதான். இன்றுவரை ஒன்றாவது ஆடியதுண்டா, போய்க் கேட்டுப் பாருங்கள்.

அவர் எடுப்பது அடிபட்டவர்களின் வழக்கு மட்டும். ஆரம்பத்தில் எதிர்ப்பக்கம் இருந்தவர். காப்பீட்டுக் கம்பெனிக்காக வாதாடி, பொய் வலியைப் பிடிப்பதில் புலி என்று பெயர் எடுத்தவர். ஒரு பெயிண்டர் நொண்டாமல் கோர்ட்டுக்குள் நடந்து வந்ததைக் காட்டியே அவருடைய வழக்கை உடைத்தாராம். வெளியே வந்து பார்த்தால், அந்தப் பெயிண்டர் படியேற முடியாமல் வந்த பஸ்ஸை எல்லாம் விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தாராம்.

"அன்னிக்குத்தான் பக்கம் மாறினேன்" என்றார் என்னிடம்.

மாடிக்கு வந்த வாரமே கீழே இறங்கி வந்தார். "நாற்காலிக்காரரே, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லாம எனக்கு ஆறு வேணும்."

"ஆபீஸுக்கா, சர்க்கஸுக்கா?" என்றேன்.

சிரித்தார். ஆனால் வேண்டியதை விரலால் அளந்து சொன்னார். முழங்கால் மடங்காதவருக்கு உயரமாக ஒன்று. இடப்பக்கம் மட்டும் கை வைத்தது ஒன்று. நிமிர்ந்தது, சாய்ந்தது, மெத்தை போட்டது. கடைசியில் சாய்மானமே இல்லாத ஒரு மொட்டை முக்காலி. வருகிறவரிடம் எங்கே வலி என்று கேட்கவே மாட்டார். "உக்காருங்க" என்பார். எதைத் தேடி உட்காருகிறார், எதைப் பிடித்து எழுகிறார் என்று பார்ப்பார். வாய் கூட்டிச் சொல்லும், குறைத்துச் சொல்லும். உட்காரும் உடம்புக்கு அந்த வித்தை தெரியாது என்பது அவர் கட்சி.

அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் ஜெயித்தார். மில்லில் விரல்களைப் பறிகொடுத்தவர் இன்று சொந்தப் பழக்கடையில் தராசு பிடிக்கிறார். வேன் கவிழ்ந்து இடுப்பு உடைந்த டீச்சர், சக்கர நாற்காலி ஏறச் சரிவு கட்டிய வீட்டிலேயே பாடம் நடத்துகிறார். தோற்றதும் உண்டு. ஒரு காவலாளியின் வழக்கில் சாட்சி பல்டி அடித்துவிட்டான். அந்தக் காவலாளியின் பேச்சை எடுத்தால் வக்கீலம்மா இன்றும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். ஜெயித்த செய்தி பேப்பரில் வந்தால் சட்டம் போட்டுத் தருகிறேன், மாட்டுங்கள் என்றேன். "அது அவங்க பட்ட அடி ஐயா. என் சுவத்துல எதுக்கு?" என்றுவிட்டார்.

இப்படிப்பட்டவரை ஏமாற்றியது யார் தெரியுமா? என் தங்கை!

அவள் தையல்கடை வைத்திருந்தாள். பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்த ஒரு பால் வேன் அவளைச் சுவரோடு சேர்த்து அழுத்தியதில் வலது தோள் போயிற்று. வழக்கு ஜெயித்தால் ஆள் வைத்துக் கடையை நடத்தலாம். தோற்றால் கடையை மூடிவிட்டு என் வீட்டுக்கு வர வேண்டும். நான் ராணி மாதிரி வைத்திருப்பேன். ஆனால் அவள், "அண்ணன் வீட்டு மூலையில உக்காரறதுக்கு அந்த வேனுக்கு அடியிலயே போயிருக்கலாம்" என்பாள்.

மாடிக்கு அழைத்துப் போனேன். வக்கீலம்மா "உக்காருங்க" என்றார். என் தங்கை நேராகப் போய் மொட்டை முக்காலியில் உட்கார்ந்தாள். கையை ஊன்றாமல் எழுந்தாள். 'பரவாயில்லை, சின்ன அடிதான்' என்று வக்கீலம்மா முடிவுகட்டிவிட்டார்.

கோர்ட்டில் எதிர்வக்கீல் குழைவாகக் கேட்டார். "ஏம்மா, வலது கைய தலைக்கு மேல தூக்க முடியுமா?"

"ஏன் முடியாம?" தூக்கியே காட்டினாள்.

"தையல் வேலை?"

"நடக்குது."

எதிர்வக்கீல் முகமெல்லாம் பல். நீதிபதி இடைவேளை விட்டார். நான் வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டேன்.

"அடிப்பாவி, கைய மேல தூக்கி வழக்கக் கீழ போட்டுட்டியே!"

"வேன்காரன் மோதினது தப்பு. தப்புக்குக் குடுக்கட்டும். அதுக்கு நான் எதுக்குண்ணே ஒப்பாரி வெக்கணும்?"

கையை வீசித் தூக்கியதில் அவள் சடை அவிழ்ந்திருந்தது. தூணுக்குப் பின்னால் போய் நின்றாள். அவள் புருஷன், எங்கள் மாப்பிள்ளை, பம்புசெட் மெக்கானிக், வாயில் விரல் வைத்தாலும் கடிக்காத மனுஷன். பின்னாலேயே போய்ச் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தார். கிரீஸ் கறை ஏறிய விரல்கள் கூந்தலை மூன்றாகப் பிரித்து, மாற்றி மாற்றிப் போட்டன. பின்னல் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தது. எனக்கே அது புதுச் செய்தி. தண்ணீர் பாட்டிலோடு வந்த வக்கீலம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"எப்பலருந்து இது?"

"வேன் மோதினதுலருந்து" என்றார் மாப்பிள்ளை.

"நீங்க சும்மா இருங்க!" என்று தங்கை சீறினாள்.

"அப்ப ஏம்மா எங்கிட்ட வந்து முக்காலியில உக்காந்தீங்க?"

"உங்க நாற்காலி சூட்சுமம் எனக்குத் தெரியாதா? எங்கண்ணன் செஞ்சது. இழைக்கறப்பவே எங்கிட்ட பெருமையடிச்சாச்சு."

வக்கீலம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "இத நான் கோர்ட்ல கேக்கட்டுமா? வேணாம்னா கேக்கல. கேட்டா, நெசத்தச் சொல்லணும்."

தங்கை மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்கொண்ணும் இல்ல. இவர ஊரு சிரிக்குமே, பொண்டாட்டிக்குச் சடை பின்றான்னு."

மாப்பிள்ளை சீப்பைத் துடைத்துப் பையில் வைத்தார். "சிரிக்கட்டும். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுத்தறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

இடைவேளை முடிந்து வக்கீலம்மா எழுந்தார். "இன்னிக்குக் காலையில உங்களுக்குத் தலை பின்னினது யாரு?"

"எங்க வீட்டுக்காரர்."

பின்வரிசையில் எவனோ சிரித்தான். நீதிபதி ஏறிட்டுப் பார்த்ததும் அடங்கினான். "கையைத்தான் தூக்கினீங்களே, அம்மா?" என்றார் நீதிபதி.

"ஒரு தடவ போகும், ஐயா. போன இடத்துல நிக்காது." சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. "மெஷின்ல நூல் மாட்டி வெக்கறதும் அவருதான். நான் துணி வெட்டி மாசக்கணக்காச்சு. பழைய துணிக்கு ஓரம் மட்டும் அடிக்கறேன்."

நீதிபதி மறுபடி மருத்துவரிடம் அனுப்பினார். அந்த அறிக்கை வந்த பிறகு எதிர்வக்கீலுக்குப் பல் தெரியவில்லை. தீர்ப்பு எங்கள் பக்கம். இன்று கடையில் துணி வெட்ட ஒரு பெண் இருக்கிறாள். என் தங்கை அளவெடுத்து அதிகாரம் செய்கிறாள். காலையில் கடைக்கதவைத் திறந்து வைத்தபடியே மாப்பிள்ளை சடை பின்னுகிறார். இப்போதும் அது இடப்பக்கம்தான் சாயும்.

தீர்ப்புக்குப் பிறகு வக்கீலம்மா முக்காலியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார்.

"என்ன, ஆடுதா?" என்றேன் பதறி.

"ஆடல. பொய் சொல்லுது. இதுக்குப் பதிலா ரெண்டு பேர் உக்கார்ற பெஞ்சு ஒண்ணு செஞ்சு தாங்க. இனிமே கூட வர்றவங்களையும் உக்கார வெச்சுப் பேசப் போறேன்."

நல்ல தேக்கில், சாய்மானம் வைத்துச் செய்து கொடுத்தேன். முதலில் உட்கார்ந்து பார்த்தது என் தங்கையும் மாப்பிள்ளையும்தான். இந்தத் தடவை அவள் சாய்ந்து உட்கார்ந்தாள்.