இரண்டு விளக்கும் சேர்ந்து அணைந்தன

அந்த மெக்கானிக் ஷெட்டில் எல்லாரும் அவளை ஊமை என்றே கூப்பிட்டார்கள். பேச்சு வராதவள் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், நாலு பேர் நடுவில் வாயைத் திறக்கக் கூசுகிறவள், அவ்வளவுதான். மெக்கானிக்கான அண்ணனுக்கு அவள் கண் போதும். பழைய கார்களில் பானெட்டுக்குள் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் இரண்டு முனைகளை வயரால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், மீட்டரில் என்ஜின் விளக்கு சிமிட்டும். இரண்டு சிமிட்டல், சின்ன இடைவெளி, பிறகு நாலு என்றால் இருபத்து நான்காம் எண் கோளாறு. அண்ணன் எண்ணிக்கையைத் தவற விடுவான். அவள் விடமாட்டாள்.

அன்று காலை அண்ணனின் இடது கை, இரும்பை இறுக்கிப் பிடிக்கும் மேஜை வைஸுக்குள் இருந்தது.

டாக்ஸிக்காரன் அவன் கழுத்தை முழங்கையால் அழுத்தியிருந்தான். வைஸின் கைப்பிடியைச் சுற்றியவன் டாக்ஸிக்காரனின் மச்சான். போன மாதம் டாக்ஸிக்காரனுக்குப் பழைய கார் ஒன்றை விற்றவனும் அவன்தான்.

"வண்டியப் பாத்துட்டு ஒரு கோளாறும் இல்லன்னு சொன்னியேடா. நடு ரோட்டுல என்ஜின் நின்னு, பின்னாடி வந்த லாரி ஏத்திட்டான். என் பொண்டாட்டி காலு ரெண்டா போச்சு."

"லைட்டு சிமிட்டலண்ணே..."

"இவனுக்குக் கை எதுக்கு மாமா? நம்ம காதுல பூ சுத்தவா?" மச்சான் இன்னொரு சுற்று இறுக்கினான்.

விரலில் ஏதோ நொறுங்கியது. அண்ணன் கத்தவில்லை, மேஜை மேலேயே வாந்தி எடுத்தான்.

முனைகளை இணைத்தால் கோளாறே இல்லாத வண்டியும் ஒரே சீராகச் சிமிட்டும். போன மாதம் சோதித்தபோது இந்த வண்டியில் விளக்கு எரிந்தபடியே நின்றது. அண்ணன் அதை நல்ல சேதியாக எடுத்துக்கொண்டான். அவளுக்கு அப்போதே உறுத்தியது. டாக்ஸிக்காரன் எதிரில் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டாள்.

பின்பக்கம் நசுங்கிய கார் வாசலில் கிடந்தது. அவள் சாவியைத் திருப்பிவிட்டு, டாக்ஸிக்காரனைப் பார்த்து "அண்ணே" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. சுத்தியலை எடுத்து பானெட்டில் ஓங்கி அடித்தாள்.

மூவரும் திரும்பினார்கள்.

"வந்து மீட்டரப் பாருங்கண்ணே. எங்கண்ணன் எங்க ஓடப் போறாரு, கை அதுக்குள்ளதான இருக்கு."

டாக்ஸிக்காரன் வந்து குனிந்தான். "ஆயில் லைட்டும் என்ஜின் லைட்டும் எரியுது. அதுக்கென்ன?"

"ஆயில் லைட்டு வயர மட்டும் கழட்டுறேன்."

"ரெண்டும் அணைஞ்சிருச்சு."

"என்ஜின் லைட்டுக்குத் தனி வயர் உண்டு. அத வெட்டிட்டு ஆயில் லைட்டோட சேத்துக் கட்டியிருக்காங்க. ஸ்டார்ட் பண்ணா ரெண்டும் சேந்து அணையும். என்ன கோளாறு வந்தாலும் காட்டாது. நீங்க வாங்குன அன்னிக்கேதான இங்க கொண்டாந்தீங்க?"

டாக்ஸிக்காரன் மெல்ல நிமிர்ந்தான். மச்சான் கைப்பிடியை விட்டுவிட்டிருந்தான்.

"லைட்டு எரிஞ்சா நீங்க வாங்க மாட்டீங்கன்னுதான் மாமா..."

தரையில் கிடந்த வீல் ஸ்பேனர் முதலில் அவன் தாடையில் இறங்கியது. பிறகு முழங்காலில். "உங்க அக்கா காலுடா அது" என்று டாக்ஸிக்காரன் ஒவ்வொரு அடிக்கும் சொன்னான். மூன்றாவது அடிக்குப் பின் மச்சான் எழவில்லை. சிமெண்ட் தரையில் ரத்தமும் கிரீஸும் கலந்து ஓடின.

அவள் அங்கே பார்க்காமல் வைஸைத் தளர்த்தினாள். அண்ணன் கையை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"சிமிட்டலன்னு தெரியும். சொல்லல."

நல்ல கையால் அவன் அறைந்தான். அவள் முகத்தை மறைக்கவில்லை.

அவன் இரண்டு விரல்கள் இன்றும் மடங்குவதில்லை. வயரைப் பிடிப்பவளும் இப்போது அவள்தான். யார் பக்கத்தில் நின்றாலும் சிமிட்டல்களை வாய்விட்டு எண்ணுகிறாள்.